ஒன்றுமே இல்லாத இருமல் மருந்து

இருமல் மருந்து செய்வது எளிது. பார்க்க, முகர, குடிக்க இருமல் மருந்து மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் உள்ளே மருந்தே இருக்கக் கூடாது என்றால்தான் விழி பிதுங்கிவிடும். அந்த வாரம் முழுக்க என் விழி பிதுங்கியே இருந்தது.

நான் ஒரு மருத்துவமனையில் மருந்தாளர். முன்பக்கம் ஒரு ஜன்னல். அதன் வழியாகச் சீட்டை வாங்கி மாத்திரை கொடுப்பேன். பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு தராசு, சூடேற்றும் தட்டு, ஏழெட்டுக் கண்ணாடிக் குடுவைகள், எத்தனை தடவை சொன்னாலும் யாரும் சரிசெய்யாத ஒரு சொட்டுக் குழாய். அந்த ஜன்னலில் பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இருமல் காலம் தொடங்கியதும் வரிசையில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இந்த ஐவி இலை சிரப் நிஜமாவே கேக்குமா?"

ஐவி என்பது சுவரைப் பிடித்து ஏறும் ஒரு கொடி. அதன் இலைச் சாற்றில் செய்த பழுப்பு நிறச் சிரப் சளி இருமலுக்குப் பெயர் போனது. நானும் பதினோரு வருடமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தேன்: "நிறைய பேர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க." இது பதிலே இல்லை. பதில் மாதிரி சட்டை போட்டுக்கொண்ட மழுப்பல். சொல்லும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. தேடிப் படித்தேன். இந்தச் சிரப் குடித்தவர்களுக்கு இருமல் இரண்டொரு நாள் முன்னதாகவே தணிந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பல ஆய்வுகள் சின்னவை. சிலவற்றில் யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிலவற்றுக்குச் செலவு செய்தவர்களே சிரப் விற்பவர்கள். அதனால் எங்கள் நுரையீரல் டாக்டரிடம் போய், "நாமளே ஒழுங்கா ஒண்ணு செஞ்சு பாப்போமா டாக்டர்?" என்று கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "செய்யலாம். மருந்து கடையில இருக்கு. மருந்து இல்லாததை யார் செய்வாங்க?" என்றார்.

"நான் செய்றேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அது மூளையைக் கேட்டுப் பேசுவதில்லை.

மருந்து இல்லாதது எதற்கு? சளி இருமலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே போய்விடும். அதுவரை நீங்கள் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். இஞ்சி குடித்தவர் இஞ்சியைப் புகழ்வார். ஒற்றைக் காலில் நின்றவர் ஒற்றைக் காலைப் புகழ்வார். அதனால் பாதிப் பேருக்கு ஐவி சிரப், மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் வெறும் சிரப். எது யாருக்கு என்று குடிப்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. கடைசியில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அதுதான் இலையின் வேலை.

ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் குழு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூடுகிறது. அதற்கு முன் என் வெறும் சிரப் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். விதியை டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு விதி எழுதுவது அழுகுணி ஆட்டம் என்பது அவர் கட்சி. விதி இதுதான்: பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னும் மூன்று பாட்டில். இரண்டு ஒரே சிரப், ஒன்று மட்டும் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டினாலே பன்னிரண்டில் நான்கு பேருக்குச் சரியாக அமைந்துவிடும். ஐந்து, ஆறு, ஏழு வரை அதிர்ஷ்டக் கணக்கில் விடலாம். எட்டுப் பேர் சரியாகச் சொல்லிவிட்டால் குட்டு வெளிப்பட்டது என்று அர்த்தம். ஆய்வு கிடப்பில், அடுத்த இருமல் காலம் வரை நான் ஜன்னலில் உட்கார்ந்து மழுப்ப வேண்டியதுதான்.

அந்த வாரம் வீட்டிலும் இருமல். என் கணவருக்குச் சளி இருமல் பிடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் எஸ்கலேட்டர் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள். ஒருவர் இஞ்சி, ஒருவர் மிளகு, ஒருவர் ஆவி. இன்னொருவர் வெங்காயத்தை வட்டமாக நறுக்கிக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கச் சொன்னார். அவர் அதையும் செய்தார். இருமல் போகவில்லை, நான்தான் அடுத்த அறைக்குப் போனேன்.

"சளி ஏன் இப்படி வந்துகிட்டே இருக்கு?" என்று கேட்டார். இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கையும் காலும் ஓடாது, வாய் மட்டும் ஓடும்.

"மூச்சுக்குழாய் உள்பக்கம் பூரா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி முடிங்க. அதுக்கு மேல பிசுபிசுன்னு ஒரு படலம். தூசி, கிருமி எல்லாம் அதுல ஒட்டிக்கும். அந்த முடிங்க எல்லாம் சேர்ந்து அந்தப் படலத்தை மேல மேலன்னு தள்ளிகிட்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததும் நமக்கே தெரியாம முழுங்கிடுவோம்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடிப்பாவி, இது எஸ்கலேட்டர்!"

"எஸ்கலேட்டரேதான்."

"கிருமி வந்ததும் கூட்டம் ஏறிடுச்சு. ஓவர்லோடு. படி ஓட மாட்டேங்குது. அப்போ இந்த இருமல்?"

"ஆளுங்களைக் கீழேருந்து ஒரே தள்ளா தள்றது."

"அதான் சளி இருமலை அடக்காதேன்னு சொல்றியா! படியை நிறுத்திட்டு ஆளை மட்டும் ஏத்திகிட்டே இருந்தா என்ன ஆகும்!" மூன்று நாள் அவர் ஒவ்வொரு இருமலுக்கும் முன்னால், "ஒதுங்கு, கூட்டம் மேல வருது" என்று அறிவித்தார். டாக்டரிடமும் காட்டினோம். காய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, சளியில் இரத்தம் இல்லை. மூன்று வாரம் தாண்டினால் வா என்று அனுப்பிவிட்டார்.

இனி என் நாத்தனார். கணவரின் தங்கை, எரிவாயு நிறுவனத்தில் கசிவு பார்க்கும் வேலை. வீடு வீடாகப் போய்க் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பாள். கருவி ஒன்று கையில் இருக்கும், ஆனால் அது கீச்சிடும் முன்பே அவள் மூக்கு சொல்லிவிடும். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'மோப்பம்'. அதை அவள் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள். அவளை ஏமாற்றினால் யாரையும் ஏமாற்றலாம் என்று கணக்குப் போட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டேன். மேஜையில் மூன்று கிண்ணங்கள். கணவர் ஊற்றி வைத்தார். என் முகத்தைப் பார்த்து அவள் படித்துவிடக் கூடாது என்று நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"என்ன அண்ணி, சாப்பாடுன்னு சொல்லிட்டு மூணு கிண்ணத்துல தார் ஊத்தி வச்சிருக்கீங்க? நீங்க ஏன் கிளாஸ்ல தப்பு பண்ண மாதிரி சுவரைப் பாத்து நிக்கறீங்க?"

"ரெண்டு ஒண்ணு, ஒண்ணு வேற. எது வேறன்னு சொல்லு."

"நடுவுல இருக்கறது."

"நீ இன்னும் உட்காரவே இல்லையேம்மா!"

"உட்காரணுமா? ரெண்டு கிண்ணம் மழை பெஞ்ச வேலி மாதிரி இருக்கு. நடுவுல இருக்கறது மிட்டாய்க் கடை. சோறு எங்க?"

சர்க்கரையைக் கருக்கிப் பாகு காய்ச்சி நான் செய்த முதல் சிரப் இப்படியாக நாற்காலி இழுக்கும் நேரத்தில் செத்துப்போனது.

செவ்வாய்க்கிழமை தேன் சேர்த்தேன், ஆரஞ்சுத் தோலின் கசப்பைச் சேர்த்தேன். என்ன நிறம், என்ன பளபளப்பு! நாத்தனார் உட்கார்ந்தாள், முகர்ந்தாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள், ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பிறகு சரியாகச் சொன்னாள். "ஆனா அண்ணி, நல்லா இருக்கு. ரொட்டிக்குத் தொட்டுக்கலாம்."

நான் சோர்ந்துபோகவில்லை. ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாளே! மீதியிருந்ததைக் கணவர் படுக்கப்போகும் முன் இரண்டு கரண்டி குடித்துவிட்டார். மறுநாள் காலையில், "நல்லாத் தூங்கினேன்! இருமலே அவ்வளவா இல்ல! உன் ஒண்ணுமில்லாத மருந்து பிரமாதம்!" என்றார். துள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"என்ன போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தேனா?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருமலுக்கான வீட்டு வைத்தியங்களில் ஓரளவாவது அத்தாட்சி உள்ளது தேன்தான். குழந்தைகளின் இரவு இருமலை அது கொஞ்சம் தணிக்கிறது என்று ஆய்வுகளே இருக்கின்றன. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கூடாது, அது ஆபத்து. மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நானே ஜன்னலில் தினமும் சொல்கிறேன். ஒன்றுமில்லாததைச் செய்யப்போய், ஒரு வைத்தியத்தைச் செய்து கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓட்டப் பந்தயத்துல சும்மா நிக்கறதுக்கு ஒரு ஆள் கேட்டேன்" என்றார் டாக்டர். "நீங்க இன்னொரு ஓட்டக்காரனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில், மார்பைச் சோதித்துக்கொள்ள வந்திருந்த நோயாளி தானும் சட்டையைப் பிடித்தபடி சிரித்தார், எதற்கென்றே தெரியாமல்.

புதன்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். இனிப்பும் கெட்டித்தன்மையும் தொண்டைக்கு இதம்தான். அது இரண்டு சிரப்பிலும் சமமாக இருந்தால் போதும், கணக்கில் கழிந்துவிடும். கசப்புக்கு என்ன செய்வது? கசப்பான இலை, வேர் எல்லாமே ஏதாவது ஒரு வைத்தியம். அப்போதுதான் அலமாரியின் மேல்தட்டில் ஒரு வெள்ளைத் தூள் ஞாபகம் வந்தது. சர்க்கரையிலிருந்தே செய்வார்கள், ஆனால் பயங்கரக் கசப்பு! சர்க்கரையின் மூலக்கூறை எடுத்து அதன் எட்டு மூலைகளிலும் வினிகர் அமிலத் துண்டு ஒன்றைத் தைத்துவிட்டால் நாக்கு அதைச் சர்க்கரை என்றே ஒத்துக்கொள்வதில்லை. மருந்து இல்லாத கசப்பு வேண்டும் என்பவர்களுக்காகவே இருக்கும் பொருள். முதல் தடவை அதை நக்கிப் பார்த்தபோது முகம் கோணியது, மனம் குதித்தது. பச்சை வாசனைக்கு, வெட்டிய புல் மணக்கும் உணவு எசன்ஸ், ஊசி முனையில் எடுத்த அளவு. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. நானே இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றி முகர்ந்து, எது எது என்று தெரியாமல் தொலைந்துபோய், அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு ஆனந்தம்!

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். இந்த முறை கிண்ணங்கள் இல்லை, நோயாளிகளுக்குக் கொடுக்கப்போகும் மாதிரி மூன்று சின்ன பாட்டில்கள். முகர்ந்தாள். குடித்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி முகர்ந்தாள். கடிகாரம் ஐந்து நிமிடம் ஓடியது. அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுவதை, சுவரைப் பார்த்து நிற்பதாகப் பேர்பண்ணிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன்.

"அண்ணா, தெரியலடா" என்றாள் மெதுவாக.

எனக்குள் மேளம் அடித்தது.

அப்போது அவள் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "குலுக்கிக் குடிக்கவும்." குலுக்கினாள். மூன்றையும் வரிசையாகக் குலுக்கி மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"மூணாவது" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். முதல் இரண்டு பாட்டிலிலும் சிரப்பின் மேல் விரல் தடிமனுக்கு நுரை, பால் கொதித்தாற்போல. மூன்றாவதில், என் சிரப்பில், நான்கு குமிழி. நான் பார்க்கப் பார்க்க இரண்டானது. பிறகு ஒன்று. அதுவும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெடித்தது.

"எங்க வேலையில மூக்கு பாதி, நுரை பாதி அண்ணி" என்றாள் நாத்தனார். "குழாய் மூட்டுல சோப்புத் தண்ணி தடவுவோம். குமிழி விட்டா கசிவு. நாள் பூரா நுரையைத்தானே பாத்துகிட்டு இருக்கேன். இதுல சோப்பு மாதிரி என்னமோ இருக்கு, அதுல இல்ல."

நான் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சோப்பு மாதிரி என்னமோ! ஐவி இலையின் முக்கியச் சரக்குக்குச் சப்போனின் என்று பெயர். சோப்பு மாதிரி நுரைப்பதால்தான் அந்தப் பெயரே. இலை சளியை இளக்குகிறது என்றால் அது இந்தச் சரக்கால்தான் இருக்கும் என்பது ஆய்வகக்காரர்களின் கணிப்பு, மனிதர்களில் உறுதியாகவில்லை. மருந்தாளர் பரீட்சைக்குப் படிக்கும்போது இதை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். மூன்று நாளாக மூக்கையும் நாக்கையும் ஏமாற்ற ஓடிக்கொண்டிருந்த நான், கண் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். காத்திருக்கும் கூடத்தில் இரண்டு நோயாளிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குலுக்கினால் போதும். ஒருவருடையது பொங்கும், இன்னொருவருடையது படுத்துக்கிடக்கும். ஆய்வு அங்கேயே முடிந்தது.

"ஏன் சிரிக்கறாங்க?" என்று நாத்தனார் பயந்துபோய்த் தன் அண்ணனைக் கேட்டாள்.

"சந்தோஷம்டி. விஷயம் புரிஞ்சுட்டா இப்படித்தான். விடு, தானா எழுந்திரிச்சிடுவா."

"பாத்திரம் தேய்க்கற சோப்புல ஒரு சொட்டு விட்டா என்ன?" என்றும் அவரே கேட்டார்.

"நோயாளிக்குங்க! நோயாளிக்கு!"

வியாழக்கிழமை முழுக்க நுரை. முட்டை வெள்ளை நுரைக்கும், சிலருக்கு ஒவ்வாது. நுரைக்கும் காய்களிலெல்லாம் அதே சப்போனின். கடைசியில் கிடைத்தது மரக்கூழிலிருந்து எடுக்கும் ஒரு தூள். ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதற்குப் போடுவார்கள். உடம்பு அதைச் செரிப்பதில்லை, வந்த வழியே போய்விடும். ஒரு சிட்டிகை போட்டால் நுரைக்கும். நான் ஆசையில் ஒரு கரண்டி போட்டுவிட்டேன். குலுக்கியதும் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மேஜையில் நடந்து, தராசின் மேல் ஏறி உட்கார்ந்து தன் எடையைக் காட்டியது. இரண்டு கிராம்!

பிறகு நிதானமாக அளந்தேன். அசல் சிரப்பை இருபது தடவை குலுக்கினால் நுரை விரல் தடிமன். அது அடங்க நான்கு நிமிடம். என்னுடையதும் அதே உயரம் எழ வேண்டும், அதே நேரத்தில் அடங்க வேண்டும். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, குலுக்கு குலுக்கு என்று குலுக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். முன்பக்க ஜன்னலில் ஒருவர் நெடுநேரமாக நின்றிருக்கிறார்.

"மேடம், டான்ஸ் முடிஞ்சதும் என் மாத்திரையைக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்."

ஒன்பதாவது முயற்சியில், நான்கு நிமிடம் இரண்டு விநாடி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வார்டுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் பரீட்சை. எந்தப் பாட்டிலில் எது என்று நர்ஸ் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவள் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். என் முகம் உளறிவிடும் என்பதால் என்னை நடைபாதைக்குத் துரத்திவிட்டார்கள். லீவு போட்டுவிட்டுக் கணவரும், மதிய ஷிப்டுக்கு முன்னால் வேடிக்கை பார்க்க நாத்தனாரும் வந்து, எனக்கு இரண்டு பக்கமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலு நாளா நீ செஞ்சதைத்தான் குடிச்சேன். பாரு, இருமலே இல்ல" என்று கணவர் மார்பைத் தட்டிக் காட்டினார். "அத்தாட்சி நான்தான். என்னை உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"உங்களுக்கு இருமல் வந்து இன்னைக்குப் பதினஞ்சாவது நாள். சுவரைக் குடிச்சிருந்தாலும் போயிருக்கும்."

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். காவலாளி, சமையலறைக்காரர், எக்ஸ்ரே எடுப்பவர், ஆம்புலன்ஸ் டிரைவர். பதினோரு பேர் முடிந்தது. பன்னிரண்டாவது ஆள் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். அந்த அம்மா போன் செய்து, மூக்கு அடைத்துக்கொண்டது, வெங்காயம்கூட மணக்கவில்லை என்று சொல்லிவிட்டார். மூக்கடைத்தவர் பதில் செல்லாது, அதுவும் விதி.

பொறுமை இல்லாத டாக்டர் அதற்குள் நர்ஸை உறையைப் பிரிக்கச் சொல்லிப் பதினோரு சீட்டையும் எண்ணிவிட்டார். வெளியே வந்து என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏழு சரி."

ஏழு! இன்னும் ஒருவர் சரியாகச் சொன்னால் எட்டு. "பதினொண்ணோட நிறுத்திட முடியாதா டாக்டர்?"

"பன்னிரண்டுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். பன்னிரண்டுதான். இப்போ மூக்கு நல்லா இருக்கற ஒரு ஆள் வேணும், உடனே." அவர் கண் பெஞ்சுப் பக்கம் போனது. "அவங்க யாரு?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். யாரையோ பார்க்க வந்தவள், அவசரமாகப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக அவள்தானே என் சிரப்பைச் செதுக்கியவள். "என் நாத்தனார். கேஸ் கசிவு பாக்கறா. ஊர்லயே பெரிய மூக்கு. நான் செஞ்ச எல்லாத்தையும் கண்டுபிடிச்சவ."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "அதை விடக் கஷ்டமான பரீட்சை உண்டா? வரச் சொல்லுங்க. எண்ணிக்கையைச் சொல்லிடாதீங்க."

நாத்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அவள் உள்ளே போவதற்குள் கணவர் என் காதில் குனிந்தார். "தப்பாச் சொல்லுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடவா? நான் சொன்னா கேப்பா."

"சொன்னீங்கன்னா இன்னைக்கு ஜெயிப்போம். அப்புறம் அந்த ஆய்வுல வர எந்தப் பதிலையும் நான் நம்ப மாட்டேன்."

"சரிம்மா, சரி. வாயை மூடிக்கறேன்." மூடினார். கையால் பொத்திக்கொண்டும் உட்கார்ந்தார்.

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. ஆளுக்கொரு கண்ணை அதில் வைத்துப் பார்த்தோம். நாத்தனார் அவசரப்படவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்தாள். சாய்த்து, கண்ணாடியில் சிரப் எப்படி வழிகிறது என்று பார்த்தாள். முகர்ந்தாள், தன் முழங்கையை முகர்ந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டு மறுபடி முகர்ந்தாள். சுவைத்தாள். பிறகு மூன்றையும் குலுக்கி வைத்துவிட்டு முகவாயை மேஜையில் ஊன்றி, நுரையின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள். ஒன்று அடங்கியது. இன்னொன்று அடங்கியது. மூன்றாவதும் அடங்கியது. கடைசியில் அவள் ஒரு பாட்டிலைத் தொட்டுச் சீட்டில் எழுதினாள்.

நர்ஸ் உறையிலிருந்த தாளைப் பார்த்தாள். டாக்டரிடம் என்னவோ சொன்னாள். டாக்டர் கதவைத் திறந்தார்.

"ஏழு" என்றார். "எட்டு இல்ல. ஏழு!"

அதன் பிறகு நடந்ததை எல்லாம் கணவர் சொல்லித்தான் தெரியும். நான் கத்தினேனாம். ஆம்புலன்ஸ் டிரைவர் அவசரம் என்று நினைத்து ஓடிவந்தாராம். அவரையும் பிடித்து ஒரு சுற்று சுற்றினேனாம். காவலாளி, என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "எங்க அண்ணி செஞ்ச மருந்துல ஒண்ணுமே இல்லையாம்!" என்று நாத்தனார் விளக்கம் சொன்னாளாம்.

அவள் முகம்தான் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் தப்பா?"

"தப்பு! சுத்தத் தப்பு!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

"வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நான் தப்பு பண்ணதே இல்ல அண்ணி. இன்னைக்கு ஒண்ணு பண்ணேன், அதுக்கு ஆம்புலன்ஸே டான்ஸ் ஆடுது." ஒரு கணம் முறைத்தாள். பிறகு அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எது வேறன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லன்னா ராத்திரி தூக்கம் வராது."

"முதல் பாட்டில்" என்றாள் நர்ஸ்.

நாத்தனார் திரும்ப உள்ளே போய், தெரிந்துகொண்டே இன்னொரு தடவை முகர்ந்தாள். தலையை ஆட்டினாள். "தெரிஞ்ச பிறகும் தெரியல. அடப்பாவி அண்ணி."

எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே நல்ல சான்றிதழ் அதுதான்.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் பரீட்சைத் தாள்களோடு குழுவின் அறைக்குள் போனார். இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்தார். கையெழுத்து ஆகிவிட்டது. திங்கட்கிழமை முதல் நோயாளிகளைச் சேர்க்கலாம். எனக்கு மறுபடி கத்த வாய் வந்தது. டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நூத்தியிருபது நோயாளிங்க. அதுல பாதிப் பேருக்கு உங்களோடது. ஆளுக்கு இருநூறு மில்லி." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பன்னிரண்டு லிட்டர் ஒண்ணுமில்லாதது. திங்கட்கிழமை காலைக்குள்ள."

என்னிடம் இருந்ததிலேயே பெரிய குடுவை ஒரு லிட்டர்.

"என்ன யோசனை?" என்றாள் நாத்தனார். அவள் ஏற்கெனவே போனை எடுத்து, மதிய ஷிப்டுக்கு வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் மாடிப்படிப் பக்கம் நடந்தபடியே, தன் கடைக் கட்டடத்துச் சமையலறையில் பெரிய அண்டா இருக்கிறது, புத்தம் புதியது, இன்னும் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, கேட்டால் தருவார்கள் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் அந்த நுரைத் தூளை எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். லிட்டருக்கு ஒரு சிட்டிகை, அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். கரண்டியை எடுக்கவே கூடாது.